லினக்ஸ் போட்டு இரண்டு வாரம், எரிச்சல் தாங்கவில்லை. விண்டோஸுக்கே திரும்பிவிடட்டுமா?

கேட்டவர் பள்ளி ஆசிரியர். அவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: 2017இல் வாங்கிய லேப்டாப், ஏழாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏறமாட்டேன் என்கிறது. கல்லூரியில் படிக்கும் மகன் லீவில் வந்தபோது பழைய விண்டோஸை அப்படியே விட்டுவைத்து, பக்கத்தில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். அதிலிருந்து தமிழ் டைப் செய்ய வரவில்லை, டி டிரைவில் சேமிக்க விடவில்லை, கடிகாரம் தப்பாக ஓடுகிறது, பென்டிரைவில் போட்ட ஃபைலைப் பள்ளியில் திறந்தால் காலி, இரண்டு பக்க வினாத்தாள் மூன்று பக்கமாகிறது, பழைய வினாத்தாள்கள் எல்லாம் இங்கிலீஷ் கிறுக்கலாகத் தெரிகின்றன, பிரிண்டர் அசையவே இல்லை. "நான் முட்டாளா, இல்லை இது முட்டாள்தனமான சிஸ்டமா?" என்று முடித்திருந்தார்.

இரண்டும் இல்லை சார். விண்டோஸை முழுசாக விடவும் வேண்டாம், இப்போதே லினக்ஸை அழிக்கவும் வேண்டாம். நான் 2008லிருந்து லினக்ஸ் பக்கம் இருக்கிறேன், வீட்டிலும் தெருவிலும் ஏகப்பட்ட பேருக்குப் போட்டுக் கொடுத்து, அதில் பாதிப் பேரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். உங்கள் பட்டியலைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான். அவிழ்த்துப் பார்த்தால் சில உங்கள் கைப்பழக்கம், தானே போய்விடும். சில ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் தீரும், ஆனால் மாற்றாவிட்டால் பத்து வருடம் ஆனாலும் தீராது. மிச்சம் ஒன்றிரண்டு என்ன செய்தாலும் தீராது, அதற்காக ராத்திரி கண் விழிக்கவே கூடாது. எது எந்த ரகம் என்று தெரியாமல் எல்லாவற்றோடும் ஒரே மாதிரி மல்லுக்கட்டுவதால்தான் இந்தத் தலைவலி.

விண்டோஸ் 11 ஏன் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் பலவற்றில் டிபிஎம் 2.0 இருக்கும். ஆனால் மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பிராசசர் பட்டியலே ஒருசில விதிவிலக்குகள் தவிர இன்டெல் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. உங்கள் மெஷின் ஒரு படி கீழே நிற்கிறது, அவ்வளவுதான். மெஷின் கெட்டுப்போகவில்லை.

சரி, கையிலிருந்து ஆரம்பிக்கலாம். "தமிழுக்கு மாற்ற ஆல்ட்டும் 2ம் அழுத்தினால் பிரவுசரில் வேறு பக்கத்துக்குத் தாவுகிறது" என்று எழுதியிருந்தீர்கள். இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், மன்னிக்கவும், எனக்கும் இதே நடந்திருக்கிறது. விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் மாதிரி தமிழ் டைப்பிங் மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டு ஆல்ட்டோடு ஓர் எண்ணை அழுத்தி மொழி மாற்றிப் பழகிய கை அது. லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் ஆல்ட்-2 என்றால் இரண்டாவது டேப் என்று எடுத்துக்கொள்கின்றன. விண்டோஸில் அதே வேலைக்கு கன்ட்ரோல்-2. ஆக, தமிழ் வரவில்லை என்பது மட்டுமல்ல, பாதி டைப் செய்த மெயிலை விட்டுவிட்டு வேறு பக்கத்துக்குப் போய் நின்று, அங்கே நாலு எழுத்து அடித்து, அப்புறம்தான் நிமிர்ந்து பார்ப்பீர்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இது நடந்தால் யாருக்கும் கோபம் வரும்.

இதற்கு மருந்து சின்னது. மெனுவில் இன்புட் மெத்தட் என்று தேடினால் வரும் சாளரத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்து, அது கேட்கும் ஐபஸ் அல்லது ஃபிசிடிஎக்ஸ் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவுங்கள். அதோடு எம்17என் என்ற தொகுப்பும் இருக்க வேண்டும், தமிழ்99, டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. நிறுவி முடித்ததும் ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். இந்த ஒரு படியை விட்டுவிட்டு "எல்லாம் செய்தும் வரவில்லை" என்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஐபஸ் என்றால் விண்டோஸ் சின்னம் போட்ட விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும், ஃபிசிடிஎக்ஸ் என்றால் கன்ட்ரோலும் ஸ்பேஸும்.

நீங்கள் தமிழ்99 பழகியவர் என்பது பெரிய வசதி. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து வந்த தளவமைப்பு அது, எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் எழுத்துகள் அதே இடத்தில்தான். ஏ, கே, கே, க்யூ என்று நாலு விசை தட்டினால் 'அம்மா', முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாக விழும். விண்டோஸில் கற்ற விரல்கள் இங்கேயும் செல்லும். நீங்கள் இழந்தது மொழி மாற்றும் அந்த ஒரு விசையை மட்டும்தான், ஆனால் தமிழே போய்விட்ட மாதிரி தெரிகிறது.

இதே ரகத்தில் இன்னொன்று: "ஸ்க்ரோல் செய்யும்போது எங்கிருந்தோ வரிகள் வந்து விழுகின்றன, பேய் பிடித்த மாதிரி இருக்கிறது." பேய் இல்லை. லினக்ஸில் ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்தாலே அது நகலாகிவிடும், உருளையை அழுத்தினால் அங்கேயே ஒட்டிவிடும். உங்கள் விரல் உருளையை உருட்டும்போது கொஞ்சம் அழுத்தமாக விழுகிறது. டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் கன்ட்ரோல்-சி அடித்தால் நகலாவதற்குப் பதில் ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டதே என்றீர்கள், அங்கே அந்த விசைக்கு அதுதான் அர்த்தம், நகல் என்ற அர்த்தத்தைவிட வயதில் மூத்த அர்த்தம். ஷிப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் நகலாகும். இதெல்லாம் மூன்று வாரத்தில் போய்விடும். லட்ச ரூபாய் கொடுத்து மேக் வாங்கியவர்களும் முதல் வாரம் இப்படித்தான் புலம்புவார்கள். அங்கே ஃபைலைத் திறக்க என்டர் தட்டினால் பெயரை மாற்றட்டுமா என்று நிற்கும், சிவப்புப் பொத்தானை அழுத்தி மூடினாலும் பல புரோகிராம்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். காசு கொடுத்து வாங்கியது என்பதால் அதை "டிசைன்" என்று சொல்லிப் பொறுத்துக்கொள்கிறார்கள், நாம் ஓசியில் போட்டதால் திட்டுகிறோம்.

அடுத்து, "சி டிரைவ் எங்கே?" சி என்பது ஒரு பழைய கதை. ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்குப் போய்விட்டதால் ஹார்ட் டிஸ்க்குக்கு சி கிடைத்தது. ஃபிளாப்பி செத்து எவ்வளவோ காலமாகியும் அந்த எழுத்து மட்டும் உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸில் எழுத்துகளே கிடையாது, எல்லாம் ஒரே மரத்தின் கிளை, உங்கள் சாமான்கள் எல்லாம் ஹோம் என்ற கிளையில் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள். மற்ற ஃபோல்டர்களைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம், தேவையே வராது. புரோகிராம் வேண்டுமென்றால் கூகுளில் தேடி இறக்காமல், மெனுவில் இருக்கும் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடுங்கள், ஃபோனில் பிளே ஸ்டோர் மாதிரி. இறக்கிய ஈஎக்ஸ்ஈ ஃபைலை இரண்டு தடவை தட்டி ஒன்றும் நடக்கவில்லை என்று வருத்தப்பட்டீர்கள். அது விண்டோஸுக்கென்று கட்டப்பட்டது, இங்கே சும்மா ஒரு ஃபைல். ஒன்று மட்டும் கவனம்: பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இங்கே வேறு வேறு. ஆங்கிலத்தில் பெயர் வைக்கும்போது முதல் எழுத்தை ஒருமுறை பெரிதாகவும் அடுத்தமுறை சின்னதாகவும் அடித்தால் இரண்டு தனித்தனி ஃபைல் உருவாகும். ஒன்றில் திருத்திவிட்டு மற்றதை பிரிண்ட் எடுப்பீர்கள்.

இப்போது இரண்டாவது ரகம், தானே தீராதது.

டி டிரைவில் ஃபைல்கள் தெரிகின்றன, ஆனால் சேமிக்க விடவில்லை. லினக்ஸின் குறை மாதிரி தெரிந்தாலும், இதைச் செய்வது விண்டோஸ். விண்டோஸ் 8லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று வந்தது. ஷட் டவுன் கொடுத்தால் முழுசாக அணையாமல், உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும், மறுநாள் சீக்கிரம் எழுந்திருப்பதற்காக. "இந்த டிரைவ் இன்னும் என் கையில்தான் இருக்கிறது" என்ற குறிப்போடு தூங்குகிறது. லினக்ஸ் அந்தக் குறிப்பைப் பார்த்து, தொட்டால் கெட்டுப்போகும் என்று படிக்க மட்டும் அனுமதிக்கிறது. மரியாதையான வேலைதான், ஆனால் அதைப் புரிகிற மாதிரி சொல்வதில்லை. விண்டோஸுக்குப் போய், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி, அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கு எதிரில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வந்தாலும் சரியாக இருக்கும், ரீஸ்டார்ட்டில் அது உண்மையிலேயே அணைகிறது.

கடிகாரம். லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் காலை எட்டரை மணிக்கு மூன்று மணி என்று காட்டுகிறது, இல்லையா? வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக ஐந்தரை மணி நேரம். மதர்போர்டில் பேட்டரி போட்ட ஒரு கடிகாரம் இருக்கிறது. விண்டோஸ் அதில் நம்மூர் நேரத்தை எழுதி வைக்கும், லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதி வைத்துவிட்டு திரையில் காட்டும்போது ஐந்தரையைக் கூட்டிக்கொள்ளும். ஒரே கடிகாரத்தை இரண்டு பேர் இரண்டு கணக்கில் திருப்புகிறார்கள், பேட்டரியை மாற்றச் சொல்லி யாராவது காசு வாங்கினால் கொடுக்காதீர்கள். மகனிடம் "ஹார்ட்வேர் கடிகாரத்தை லோக்கல் டைமில் வை" என்று மட்டும் சொல்லுங்கள், லினக்ஸ் பக்கம் ஒரே வரிக் கட்டளை, ஃபோனிலேயே சொல்லிக் கொடுப்பான்.

பென்டிரைவ் விஷயத்தில் நீங்கள் பட்ட அவமானத்தை நானும் பட்டிருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டு வீடியோ, ஒன்றரை ஜிபி இருக்கும், நகலெடுக்கும் பட்டை கடைசிவரை போய் மறைந்தது, நானும் பிடுங்கிக்கொண்டு போய் சொந்தக்காரர்கள் முன்னால் டிவியில் சொருகினேன். பெயர் இருக்கிறது, படம் இல்லை. லினக்ஸ் ஃபைலை முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு "ஆச்சு" என்று சொல்லிவிடும், பென்டிரைவில் எழுதுவது அதற்கப்புறமும் நடந்துகொண்டிருக்கும். விண்டோஸ் 10, 2018இல் வந்த ஒரு அப்டேட்டிலிருந்து வெளி டிரைவ்களைச் சட்டென்று பிடுங்கினாலும் பாதகமில்லாத முறையை இயல்பாக வைத்துவிட்டது, அதனால் நமக்கும் எஜெக்ட் கொடுக்கும் பழக்கமே போய்விட்டது. இங்கே அது கட்டாயம். பென்டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும், அதை அழுத்திவிட்டு, எடுக்கலாம் என்று அது சொல்லும்வரை கை வைக்காதீர்கள். மலிவான பென்டிரைவ் என்றால் இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகும்.

வினாத்தாளுக்கு வருவோம், உங்களுக்கு உண்மையில் வலிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். பள்ளியில் வேர்டில் அடித்த வினாத்தாளை இங்கே அதற்கு மாற்றான லிப்ரே ஆஃபீஸில் திறந்தால் மூன்றாம் பக்கத்துக்கு வழிகிறது, 'பொருத்துக' பகுதியில் வரிகள் கோணுகின்றன. காரணம் பெரும்பாலும் லிப்ரே ஆஃபீஸ் இல்லை, ஃபாண்ட். பள்ளிக் கணினியில் லதா அல்லது நிர்மலா ஃபாண்டில் அடித்திருப்பீர்கள். இரண்டும் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபாண்டுகள், லினக்ஸில் கிடையாது. இல்லாத ஃபாண்டுக்குப் பதிலாக லோகித் தமிழோ நோட்டோவோ வந்து உட்காரும். அதன் எழுத்து ஒவ்வொன்றும் மயிரிழை கூடுதல் அகலமாக இருந்தாலே போதும், வரிக்கு ஒரு சொல் கீழே இறங்கும், நாற்பது வரிக்கு அப்புறம் பார்த்தால் அரைப் பக்கம் தள்ளிப் போயிருக்கும். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை குறைவு, ஏரியலுக்கும் டைம்ஸுக்கும் அதே அகலத்தில் லிபரேஷன் என்ற குடும்பம் இருக்கிறது, காலிப்ரிக்கு கார்லிட்டோ இருக்கிறது. லதாவுக்கு அப்படி அளவெடுத்துத் தைத்த ஜோடி எதையும் நான் பார்த்ததில்லை. பொதுவான ஒரு ஃபாண்டை இரண்டு பக்கமும் வைத்துக்கொள்வதுதான் வழி. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், பள்ளிக் கணினியிலும் ஒருமுறை போட்டுவிடுங்கள். போட விடமாட்டார்கள் என்றால், லிப்ரே ஆஃபீஸில் ஃபைல் மெனு, பிராப்பர்ட்டீஸ், ஃபாண்ட் என்று போய் ஃபாண்டையும் ஃபைலுக்குள்ளேயே வைத்து அனுப்பலாம். பிரிண்டுக்கு மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிடிஎஃப்.

"பழைய வினாத்தாள்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன" என்பது வேறு கதை. அவை பாமினி என்ற பழைய ஃபாண்டில் அடித்தவை. பாமினி எழுதுவது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி. ஃபைலுக்குள் உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று இருக்கும், பாமினி ஃபாண்ட் அதைத் திரையில் 'தமிழ்' என்று வரைந்து காட்டும். ஃபாண்ட் இல்லாத கணினியில் முகமூடி கழன்று விழுகிறது. விண்டோஸ் புதுசாகப் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். பாமினி ஃபாண்ட் ஃபைலை எடுத்து இரண்டு தடவை தட்டினால் மின்ட்டிலேயே இன்ஸ்டால் பொத்தான் வரும், அப்புறம் எல்லாம் பழையபடி தெரியும், டைப்பும் பழையபடியே செய்யலாம். ஆனால் உட்காரும்போதெல்லாம் பத்துப் பத்து ஃபைலாக, ஃபைலுக்குள்ளும் தமிழாகவே இருக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. யூனிகோடில் இருந்தால்தான் 'குறுந்தொகை' என்று தேடினால் அந்த ஃபைல் கிடைக்கும்.

இனி மூன்றாவது ரகம், சுவர். உங்கள் பிரிண்டர் அதில் ஒன்றாக இருக்கக்கூடும். மலிவான லேசர் பிரிண்டர்கள் சிலவற்றுக்குச் சொந்த மூளை கிடையாது. பக்கத்தை உருவாக்குவதெல்லாம் கணினியில் இருக்கும் டிரைவர்தான், அந்தக் கம்பெனியின் ரகசிய மொழியில். நல்ல லினக்ஸ் டிரைவர் இல்லையென்றால் முட்டிக்கொண்டு பயனில்லை. ஒரு சாயங்காலம் முயன்று பாருங்கள், வரவில்லையா, விண்டோஸில் திறந்து பிரிண்ட் எடுங்கள், அல்லது பிடிஎஃப்பாக ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புங்கள். டேலி, பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃபோட்டோஷாப், மேக்ரோ நிறைந்த எக்ஸெல் எல்லாம் இதே ரகம்தான். வைன் என்று ஒன்று 1993லிருந்து வளர்ந்துகொண்டிருக்கிறது, விண்டோஸ் புரோகிராம்கள் நிறைய அதில் ஓடும், ஆனால் நாளைக்குக் காலை பரீட்சை என்றால் அதை நம்பி உட்கார மாட்டேன். ஜெர்மனியில் முனிச் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது, 2013இல் அந்த வேலை முடிந்தது, 2017இல் திரும்ப விண்டோஸுக்கே போவதென்று மன்றத்தில் முடிவு எடுத்தார்கள். அதில் அரசியல் எவ்வளவு என்று இன்னும் சண்டை போடுகிறார்கள், ஆனால் வெளியிலிருந்து வரும் ஆவணங்கள் சரியாகத் திறக்கவில்லை என்ற புகார் கடைசிவரை இருந்தது. அவர்களுக்கே அந்தப் பாடு என்றால் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் ஊரில் 2011லிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள் நினைவிருக்கும், ஆரம்ப வருடங்களில் விண்டோஸோடு மத்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. என் அக்கா பையன் நாலு வருடத்தில் ஒருமுறைகூட அதைத் திறக்கவில்லை. பக்கத்திலேயே விண்டோஸ் இருக்கிறதே, அவன் ஏன் திறப்பான்?

அதனால் பழைய விண்டோஸை பிரிண்டருக்கும் லினக்ஸில் ஓடாத புரோகிராம்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தை மட்டும் அதில் தொடாதீர்கள். பேங்க் வேலை, மெயில், டைப்பிங் எல்லாம் மின்ட்டில்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எங்காவது படித்த கட்டளையை அப்படியே டெர்மினலில் ஒட்டாதீர்கள். நான் புதிதாக இருந்தபோது ஒரு ஃபைலை சேமிக்க முடியவில்லை என்று, யாரோ சொன்னதைக் கேட்டு மொத்த சிஸ்டத்துக்கும் 777 அனுமதி கொடுத்தேன், அதாவது எல்லாரும் எதையும் செய்யலாம். அடுத்த நிமிடமே நிர்வாகி அனுமதி கேட்கும் சூடோ வேலை செய்ய மறுத்தது, ஏனென்றால் அனுமதி இப்படி அலங்கோலமாக இருந்தால் அது தன்னையே நம்பாது. செய்ததைத் திருத்தவும் சூடோ வேண்டும். ஆக, பூட்டின வீட்டுக்குள் சாவி. அன்றைக்கு முழுசாகத் திரும்பப் போட்டேன். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது, இன்றைக்கே திறந்து வாரம் ஒருமுறை சிஸ்டத்தைப் படம் பிடித்து வைக்கச் சொல்லிவிடுங்கள், ஏதாவது கெட்டால் கடைசியாகப் படம் பிடித்த நிலைக்குப் போகலாம். ஆனால் அது சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும், உங்கள் வினாத்தாள்களைத் தனியாக வேறு எங்காவது நகலெடுத்து வையுங்கள்.

முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், பிறகு இன்புட் மெத்தட், இரண்டையும் முடித்துவிட்டு அந்த மூன்று பக்க வினாத்தாளைத் திறங்கள். ஒரு வரியில் கர்சரை வைத்து, மேலே ஃபாண்ட் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். பெயர் சாய்ந்த எழுத்தில் இருந்தால் அந்த ஃபாண்ட் உங்கள் கணினியில் இல்லை என்று அர்த்தம். என்ன பெயர் போட்டிருக்கிறது என்று எழுதுங்கள், அதற்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.